இளவேனிற் பாட்டும் எண் விளையாட்டும்

எண்ணும் எழுத்தும் வாழும் உயிர்க்கு இரு கண்கள் என்பது வள்ளுவர் கருத்து. கண் இரண்டாயினும் காட்சி ஒன்றே. ஆயினும் நம் கல்விக்கூடங்களில் இவ்விரு கண்களும் வெவ்வேறு திசை நோக்கப் பழகிவிட்டன. கணிதம் பயில்வோர் கவிதையை ஓய்வுநேரப் பொழுதுபோக்கென எண்ணுகின்றனர். இலக்கியம் பயில்வோர் கணிதத்தைப் பரீட்சையோடு இறக்கிவைக்க வேண்டிய சுமையெனக் கருதுகின்றனர். இவ்விரு சாராரும் ஒருங்கே ஐயுறும் பாட்டுவகை ஒன்றுண்டு. அஃதாவது கணிதக் கருத்தொன்றைக் கருவியாகக் கொண்டு இளவேனிலைப் பாடும் சிறு விளையாட்டுப் பாட்டு. நாலைந்து அடியில் முடிவது. படிப்போரைச் சிறிது நகைக்க வைப்பது. எண்ணிப் பார்க்கவும் வைப்பது. இதனைக் கணிதமென ஒரு சாராரும் கவிதையென மறு சாராரும் ஏற்கத் தயங்குகின்றனர்.

இத்தயக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. இவ்வகையில் எழுதப்படுவனவற்றுட் பல, எண்ணுக்கும் உண்மை செய்யாமல் இளவேனிலுக்கும் உண்மை செய்யாமல் இடைநடுவே நிற்கின்றன. எனினும் நல்லனவும் உள. நல்லதையும் அல்லதையும் பிரித்தறிதற்குரிய அளவுகோல் யாது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. அவ்வளவுகோலைப் பெறுவதற்குப் பழம்பாட்டுக்கள் சிலவற்றை முதலில் நோக்குதல் பயனுடைத்து. ஏனெனில், இவ்வகைப் பாட்டு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

கி.பி. 850ஆம் ஆண்டளவில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்தவர் சமணக் கணித அறிஞர் மகாவீரர். அவர் வடமொழியில் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலை ரங்காசாரியார் 1912ஆம் ஆண்டிற் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்து உலகறியச் செய்தார். பின்னங்களைப் பயிற்றுவிக்கும் பகுதியில் வரும் ஒரு செய்யுட் கணக்கு இளவேனிற் காலத்து இரவொன்றில் நிகழ்கின்றது. பூங்கொத்தும் கனியும் தாங்கி மரங்கள் வளைந்து நிற்கும் சோலை. கிளியும் குயிலும் வண்டும் தேனுண்டு களித்து ஒலிக்கும் ஓசை. நிலவுபோல் வெள்ளிய மாளிகை. அதன்கண் ஒரு தலைவனும் தலைவியும். அவர்களிடையே ஊடல் நேர்கின்றது. தலைவியின் முத்துமாலை அறுகின்றது. முத்துக்களில் மூன்றிலொரு பங்கு தோழியிடம் சென்று சேர்கின்றது. ஆறிலொரு பங்கு படுக்கையில் விழுகின்றது. எஞ்சியதிற் பாதி, அதன் எச்சத்திற் பாதி, அதன் எச்சத்திலும் பாதி என ஆறு முறை முத்துக்கள் எங்கணும் சிதறுகின்றன. முடிவில் நூலில் நிற்பவை 1,161 முத்துக்கள். எனின், மாலையில் இருந்தவை எத்தனை என்பது வினா.

மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் கூடினாற் பாதி. எஞ்சிய பாதியை ஆறு முறை பாதியாக்கினால் 128இல் ஒரு பங்கு. ஆகவே 1,161ஐ 128ஆற் பெருக்கக் கிடைக்கும் 1,48,608 என்பதே விடை. விடையைக் கண்ட மாணவன் நகையாதிரான். முத்தொன்றின் குறுக்களவு மூன்று மில்லிமீற்றர் எனக் கொள்ளினும், அம்மாலையை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 446 மீற்றர் நீளும். அதனைத் தாங்கிய கழுத்து யாதோ!

இச்செய்யுளின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே கூறுதல் வேண்டும். பாதியிற் பாதியாக எண்ணிக்கை குறைந்து செல்லும் முறை, கீழே விழுந்த முத்து ஒவ்வொரு துள்ளலிலும் உயரங் குறைந்து தாவுவதை நினைவூட்டுகின்றது. கணக்கின் நடையும் காட்சியின் நடையும் அவ்விடத்தே இசைந்து செல்கின்றன. ஆயின் இளவேனில் அங்கே செய்யும் தொழில் யாது? சோலையும் குயிலும் மேடையின் பின்றிரை போலத் தொங்குகின்றனவேயன்றி நாடகத்துட் புகவில்லை. சித்திரை இரவை மார்கழி இரவாக மாற்றினாலும் ஊடல் நிகழும், மாலை அறும், முத்துச் சிதறும். 1,161 என்னும் எச்சமும் உணர்ச்சி எதனையும் எழுப்பவில்லை. கணக்கின்பொருட்டு அமைந்த எண் அது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

மகாவீரருக்கு முந்நூறு ஆண்டு பிற்பட்டவர் இரண்டாம் பாஸ்கரர். 1114ஆம் ஆண்டிற் பிறந்து, 1150ஆம் ஆண்டிற் ‘சித்தாந்த சிரோமணி’யை நிறைவேற்றியவர். அதன் ஒரு பகுதியே ‘லீலாவதி’. அக்பரின் அவைப் புலவராகிய பைசி 1587இல் இதனைப் பாரசீகத்திற் பெயர்த்தார். ஆங்கிலத்தில் 1817இல் கோல்புறூக்கின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஒரு கணித நூல் இங்ஙனம் நாடும் மொழியும் கடந்து நடந்தமைக்கு அதன் விதிகள் மட்டும் காரணமல்ல. அதன் செய்யுட் கணக்குக்களும் காரணமாம்.

அவற்றுள் ஒன்று வண்டுக் கூட்டத்தைப் பற்றியது. கூட்டத்தில் ஐந்திலொரு பங்கு கடம்பமலரை நாடிச் சென்றது. மூன்றிலொரு பங்கு சிலீந்திர மலரை நாடியது. இவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு குடசப்பாலையிற் படிந்தது. எஞ்சியது ஒரேயொரு வண்டு. அது தாழையின் மணமும் மாலதியின் மணமும் ஒருங்கே இழுப்ப, எங்கும் இறங்காது வானில் அங்குமிங்கும் அலைந்தது. வண்டுகள் எத்தனை என்று மான்விழிப் பெண்ணொருத்தியை விளித்து வினவுகின்றார் ஆசிரியர். விடை 15. மூன்று கடம்பில், ஐந்து சிலீந்திரத்தில், ஆறு குடசத்தில், ஒன்று வானில்.

இங்கே எச்சமாகிய ‘ஒன்று’ மகாவீரரின் 1,161 போன்றதன்று. பதினான்கு வண்டுகள் தத்தமக்குரிய மலரைத் தெரிந்துகொண்டன. அவை தொகைகளாயின. தெரியமாட்டாத ஒன்று மட்டும் தனியாயிற்று. கணக்கு முறைப்படி அது வகுத்தலின் எச்சம். கவிதை முறைப்படி அது இரு விருப்பங்களிடையே தடுமாறும் நெஞ்சம். ஓரெண் ஒரே நேரத்தில் இவ்விரு பொருளும் தாங்கி நிற்கின்றது. கணக்கைச் செய்தோனுக்கே அவ்வண்டின் தனிமை முழுவதும் புலனாகும்; ஏனெனில் ஏனைய பதினான்கையும் தன் கையால் எண்ணி அனுப்பியவன் அவனே.

இது தற்செயலாய் அமைந்ததெனக் கொள்ளல் பொருந்தாது. மற்றொரு வண்டுக் கணக்கிற் கூட்டத்தின் பாதிக்குரிய வர்க்கமூலமும், முழுக் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் மாலதியை நாடிச் செல்கின்றன. எஞ்சிய இரண்டில் ஒன்று, இரவில் மணத்துக்கு மயங்கித் தாமரையுள் அகப்பட்டு முரல, மற்றது வெளியே நின்று மறுமொழி முரல்கின்றது. விடை 72; எச்சம் இரண்டு. அவ்விரண்டினிடையே மூடிய இதழ். வேறொரு கணக்கில், மேகம் வரக் கண்டு அன்னக் கூட்டத்தின் வர்க்கமூலத்தைப் போற் பதின்மடங்கு மானச வாவிக்குப் பறக்கின்றன; எட்டிலொரு பங்கு நிலத்தாமரைக் காட்டுக்குச் செல்கின்றன; மூன்று இணைகள் மட்டும் பருவத்தின் அழைப்பைச் செவிமடாது நீரில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. 120உம் 18உம் 6உம் கூட 144. இம்மூன்று செய்யுளிலும் பாட்டின் உயிர் எச்சத்திலேயே தங்கியிருத்தல் கண்கூடு.

அன்னக் கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. அங்கே பருவம் பின்றிரையாய் நில்லாது வினை செய்கின்றது. மேகம் வந்தமையாற்றான் அன்னங்கள் பிரிந்தன. பிரிந்தமையாற்றான் கழித்தல் உண்டாயிற்று. கார்காலமே அக்கணக்கை நிகழ்த்துகின்றது. கடம்பும் குடசமும் தாழையும் கார்ப்பருவத்து மலர்களாகவே வடமொழிப் புலவராற் பாடப்படுவன. ஆகவே பாஸ்கரர் சிறந்து விளங்கியது கார்காலக் கணக்கில் என்று கூறலாம். பிரிவும் எச்சமும் காருக்குரியன. அவற்றுக்குரிய கணிதம் கழித்தல்.

அங்ஙனமாயின் இளவேனிலுக்குரிய கணிதம் யாது? இளவேனில் என்பது சேரும் காலம். நேற்று ஒரு தளிர் நின்ற கொம்பில் இன்று சில, நாளை பல. ஆகவே அதற்குரியது கூட்டல். வெறுங் கூட்டலும் அன்று. முன்னுள்ளதைத் தன்னுட் கொண்டு மேன்மேல் வளரும் கூட்டல். இவ்வியல்பினை நன்கு காட்டும் தொடர் ஒன்று கணிதத்தில் உண்டு. 1, 1, 2, 3, 5, 8, 13, 21 எனச் செல்லும் அத்தொடரில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. 1202ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிபொனாச்சி தம் நூலில் முயற்குட்டிகளின் பெருக்கத்தைக் கணக்கிடுமிடத்து இதனைக் கூறினமையால் மேனாட்டார் அவர் பெயரால் இதனை வழங்குகின்றனர்.

ஆயின் இத்தொடர் அவருக்கு முன்னரே இந்தியாவில் அறியப்பட்டிருந்தது. அறியப்பட்ட இடம் கணித நூலன்று, யாப்பு நூல் என்பது குறிப்பிடத்தக்கது. வடமொழி, பிராகிருத யாப்பிற் குற்றசைக்கு மாத்திரை ஒன்று, நெட்டசைக்கு இரண்டு. இத்தனை மாத்திரை கொண்ட அடியினை எத்தனை வகையாக அமைக்கலாம் என்பது வினா. அடியின் இறுதியசை குறிலாயின் முன்னே ஒரு மாத்திரை குறைந்த அடிவகைகள் எல்லாம் வரலாம். நெடிலாயின் இரண்டு மாத்திரை குறைந்த அடிவகைகள் எல்லாம் வரலாம். ஆகவே ஒரு தொகை அதற்கு முன்னிரு தொகைகளின் கூட்டு ஆகின்றது. ஒரு மாத்திரைக்கு 1 வகை, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, நான்கிற்கு 5, ஐந்திற்கு 8. கி.பி. 600க்கும் 800க்கும் இடைப்பட்டவராகக் கருதப்படும் விரகாங்கரும், 1150ஐ அடுத்து வாழ்ந்த சமண ஆசாரியர் ஹேமசந்திரரும் இவ்விதியை எடுத்துரைத்தனர். எனவே இத்தொடர் பாட்டின் வீட்டிலே பிறந்து கணிதத்தின் வீட்டிலே வாழ்க்கைப்பட்டதெனலாம்.

2006ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க எழுத்தாளர் கிரகரி பிங்கஸ் இத்தொடரைக் கொண்டு புதிய சிறுபாவடிவம் ஒன்றைப் பரப்பினார். ஆறு அடிகள்; அடிகளின் அசையெண்ணிக்கை முறையே 1, 1, 2, 3, 5, 8; மொத்தம் 20. ‘பிப்’ என்னும் பெயருடன் அது விரைவிற் பலர் கையிலும் பழகியது. பிறந்த வீட்டுக்கு மகள் விருந்து வந்தது போன்றது இது.

ஆயினும் வடிவம் கிடைத்த அளவிற் கவிதை கிடைத்துவிடாது. இவ்வடிவில் எழுதுவோர் பலர் ஆறு அடியையும் அளவுபார்த்து நிரப்பப்படும் போத்தல்களாகவே கொள்கின்றனர். அடி நீள்வதற்கும் பொருள் வளர்வதற்கும் அவரிடத்தே இயைபில்லை. இவ்வடிவம் இளவேனிலுக்கு உண்மையிற் பொருந்துவது, முன்னிரண்டும் கூடி அடுத்ததைப் பிறப்பித்தல் என்னும் விதி பாட்டின் பொருளிலும் நிகழும்போதே. தமிழில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணி, விளக்கத்தின் பொருட்டு இங்ஙனம் ஒன்றை அமைத்துக் காட்டலாம்:

வா,
வா:
குயில்
கூவிற்று.
நேற்றும் இன்றுமாய்
நாளைக்குப் பூத்தது வேம்பு.

இதனைப் பெரும் பாட்டென்று கூறுவாரில்லை. ஆயினும் இதன்கண் எண் சும்மா இருக்கவில்லை. ஓரெழுத்து அழைப்பு இரண்டு கூடி ஈரெழுத்துக் குயிலாகின்றது. நேற்றும் இன்றும் கூடி நாளையாகும் என்னும் ஐந்தாம் ஆறாம் அடிகளின் கூற்று, அவ்வடிகளின் நீளத்தை ஆக்கிய விதியே. விதியை அறியாதார்க்கும் பாட்டு விளங்கும். அறிந்தார்க்கு அது இருமுறை விளங்கும். வேம்பு ஐந்திதழ்ப் பூவினது. ஐந்தும் அத்தொடரின் எண். இதனைப் பாட்டிற் சொல்லாது விட்டது நன்று. சொல்லியிருப்பின் பாட்டு தாவரவியற் குறிப்பாய் முடிந்திருக்கும்.

இவ்விடத்து ஒரு தவற்றையும் சுட்டுதல் வேண்டும். பூவெல்லாம் இத்தொடர்ப்படியே இதழ் விரிக்கும் எனப் பாடுவது வழக்காகிவிட்டது. வெட்சிக்கும் கடுகுப்பூவுக்கும் இதழ் நான்கு. நான்கு அத்தொடரில் இல்லை. சூரியகாந்தித் தட்டில் விதைகளின் சுழல் வரிசைகள் 34, 55 என அமைதல் பெரும்பான்மை. அவ்வுண்மையே வியப்புக்குப் போதும். இயற்கைமீது எண்ணைத் திணிப்பவன் கணிதத்துக்கும் இயற்கைக்கும் ஒருங்கே பிழை செய்கின்றான். விளையாட்டுப் பாட்டுக்கு நகைக்க உரிமையுண்டு. பொய்க்கணக்குக் காட்ட உரிமையில்லை. விதியை மீறிய ஆட்டம் சுவைப்பதில்லை என்பதைச் சிறுவரும் அறிவர்.

எண்ணும் பருவமும் ஒன்றையொன்று விடாத மற்றொரு சிறுபாவகை யப்பானியரின் ஹைக்கூ. 5, 7, 5 என 17 ஒலியளவு. அவற்றுள் பருவத்தை உணர்த்தும் சொல்லொன்று இருத்தல் மரபு. பாசோ (1644-1694) முதலியோர் இச்சிற்றளவுள் ஒரு பருவத்தை அடக்கிக் காட்டினர். தமிழருக்கு இதனை முதன்முதல் அறிமுகஞ் செய்தோருள் பாரதியார் முன்னிற்பவர். 1916இல் சுதேசமித்திரனில் யப்பானியக் கவிதை பற்றி அவர் எழுதினார். ஆயின் பின்னர்த் தமிழில் இப்பெயரால் எழுந்தவற்றுட் பல, மூன்று அடி என்பதை மட்டும் கொண்டு, எழுத்தெண்ணிக்கையையும் பருவச் சொல்லையும் விட்டன. அவற்றுள் நல்ல பாட்டுக்கள் இல்லையென்பதன்று. ஆயினும் எண்ணின் நெருக்குதலாற் சொல் செறிவெய்தும் நன்மை அவற்றுக்குக் கிட்டாது போயிற்று.

இனி, ஒரு தடை எழலாம். உண்மைக் கணித அறிஞன் இத்தகைய விளையாட்டிற் புகுவானா? நிசாப்பூரில் 1048இற் பிறந்து 1131இல் மறைந்த உமர் கையாம், முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுக்களின் குறுக்கீட்டினால் தீர்த்த பேரறிஞர். அவர் பெயரால் வழங்கும் நாலடிப் பாட்டுக்களை 1859இற் பிட்சரால்ட் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவற்றில் இளவேனிலும் ரோசாவும் மதுவும் உண்டு; முப்படிச் சமன்பாடு இல்லை. ஆகவே கவிதையையும் கணிதத்தையும் கலவாதிருத்தலே முறையென அவர் கருதினார் போலும் என்பர்.

இத்தடைக்கு விடை கையாமின் வாழ்க்கையிலேயே உண்டு. மாலிக் ஷா மன்னன் காலத்தில் 1079இல் நாட்காட்டியைத் திருத்தியமைத்த அறிஞர் குழுவில் அவர் இருந்தார். இளவேனிற் சமவிரவு நாளோடு ஆண்டுப் பிறப்பு இயைந்து வருமாறு அந்நாட்காட்டி அமைந்தது. இளவேனில் எப்பொழுது தொடங்குகின்றது என்பதே ஒரு கணக்கு. அக்கணக்கைச் செய்தவர் அவர். பருவத்தையும் எண்ணையும் அவர் பாட்டிற் சேர்க்கவில்லையாயினும் வானத்திற் சேர்த்துக் கண்டார். நம்மவர் சித்திரைப் புத்தாண்டும் அதேபோல் ஞாயிறு மேடத்துட் புகும் கணக்கே. ஆயின் மார்ச்சு 20, 21இல் நிகழும் சமவிரவுக்கும் ஏப்ரல் 14ஐ ஒட்டிவரும் சித்திரைப் பிறப்புக்கும் இடையே இருபத்துநான்கு நாளளவு வேறுபாடுண்டு. புவியின் அச்சு மெல்லத் திசைமாறுவதால் நூற்றாண்டுதோறும் சேர்ந்த வேறுபாடு அது. வான் கணக்கில் இளவேனில் முன்னே வந்துவிட, பஞ்சாங்கம் பின்னே நடந்துவரும் இக்காட்சி நகைச்சுவைப் புலவனுக்கு வாய்த்த பொருள். இதுவரை அதனைத் தொட்டுப் பாடினோர் அரியர்.

சமவிரவும் பாடுபொருளாகலாம். விளக்கத்தின் பொருட்டு மூன்றடி ஒன்று:

பகலும் இரவும் சமம்;
சமன்பாட்டின் இருபுறத்தும்
ஒரே குயில்.

சமன்பாட்டின் இருபுறத்தும் ஒன்றே இருப்பின் அதனை நீக்கிவிடலாம் என்பது இயற்கணிதம் பயிலத் தொடங்கிய மாணவனும் அறிந்த விதி. ஆயின் குயிலை நீக்க மனம் ஒருப்படுமோ? இவ்வினா பாட்டில் எழுதப்படவில்லை. விதியறிந்த மாணவன் உள்ளத்தில் அதுவாகவே எழும். விதி தெரிந்தமையாலேயே விதியை மீற விரும்பும் இக்கணமே இப்பாட்டின் விளையாட்டு. எனினும் இதற்கும் ஒரு குறையுண்டு. குளிர்நாட்டாருக்கு நெடிய மாரியிரவு கழிந்து வரும் சமவிரவு பெருநிகழ்ச்சி. யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சிறிது மேலேயாம். இங்கே சமவிரவை எவரும் எதிர்பார்த்து விழித்திருப்பதில்லை. ஆகவே இப்பாட்டின் குயில் நம் மரத்ததாயினும் அதன் வானம் ஓரளவு இரவல் வானமே. பனி உருகுதலையும் ஆங்கில மலர்ப்பெயர்களையும் அடுக்கும் இளவேனிற் பாட்டுக்களுக்கு இக்குறை பன்மடங்காகும்.

இரவல் வேண்டாதவாறு நம் மரபிலேயே கருவிகள் பல கிடக்கின்றன. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் எழுத்து வருத்தனம் ஒன்று. ஓரெழுத்தாய் நின்று ஒரு பொருள் தந்த சொல், எழுத்தொன்று ஏற வேறு பொருளும், இன்னொன்று ஏற மற்றொரு பொருளும் தருதல் அதன் இலக்கணம். தளிர்த்தலைக் காட்டுதற்கு இதனினும் பொருத்தமான யாப்புத் தேடினும் கிடைப்பதரிது. கட்டளைக் கலித்துறையோ நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கி அடிக்கு 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் வேண்டுவது. எழுத்தெண்ணிப் பாடுதல் தமிழ்ப் புலவனுக்குப் புதிதன்று. திருஞானசம்பந்தரின் எழுகூற்றிருக்கை ஒன்று முதல் ஏழுவரை ஏறியிறங்கும் எண்ணடுக்கிலே பத்தியை ஏற்றிவைத்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரமோ பலாப்பழத்தை வெட்டாமலே சுளையெண்ணச் சொல்லித்தருவது; காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்க என்பது அதன் விதி. மெய்யாகுமா என்று வெட்டிப் பார்க்கத் தூண்டும் அவ்விதியிலும் விளையாட்டுண்டு.

சித்திரகவியைப் பிற்காலத்தார் இகழ்ந்தமை பெரிதும் நேரியதே. சக்கரத்திலும் நாகபந்தத்திலும் எழுத்தை அடைத்து முடித்தபின் அங்கே கவிதைக்கு இடம் எஞ்சவில்லை. அவ்விகழ்ச்சி எண்ணுக்கு உரியதன்று. எண்ணை நிறைத்ததோடு தொழில் முடிந்ததென எண்ணிய புலவனுக்கே உரியது. இன்றைய எண் விளையாட்டுப் பாட்டுக்கும் அவ்விபத்து உண்டு.

மேற்கூறியவற்றால் இவ்வகைப் பாட்டை மதிப்பிடும் முறை பெறப்படும். முதலாவது, எண்ணை மாற்றிப் பார்த்தல் வேண்டும். இளவேனிலில் ஆயிரம் பூ, ஆயிரம் வண்டு, ஆயிரம் இன்பம் எனப் பாடுமிடத்து ஆயிரத்தை நூறாக்கினாலும் எதுவும் அசையாதாயின் அங்கே எண் இல்லை. எண்ணின் ஓசை மட்டுமே உண்டு. இரண்டாவது, பருவத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். மகாவீரரின் சோலை இச்சோதனையில் தவறியது. பாஸ்கரரின் மேகம் தேறியது. மூன்றாவது, விடை கண்டபின் மீண்டும் படித்தல் வேண்டும். விடுகதை விடை தெரிந்ததும் தீர்ந்துபோகும். நல்ல பாட்டு அவ்விடத்திலே தொடங்கும். விடை 15 என்று அறிந்தபின்னரே வானில் அலையும் அவ்வொரு வண்டைத் திரும்பிப் பார்க்க மனம் விழைகின்றது.

இச்சோதனைகள் மூன்றும் கடியன போலத் தோன்றலாம். சிறுபாட்டுக்கு, அதிலும் விளையாட்டுப் பாட்டுக்கு, இத்துணைக் கண்டிப்பு வேண்டுமா எனின், வேண்டும். நெடும்பாட்டில் ஓரடி தளர்ந்தாலும் மறு அடி தாங்கும். இருபது எழுத்தில் முடியும் பாட்டில் ஓரெழுத்துத் தளர்வையும் தாங்குவார் இல்லை. கணிதத்தில் ஒரு படி பிழைத்தால் விடை பிழைப்பது போன்றதே இது. இவ்வொழுங்கை மாணவன் கணித வகுப்பில் அச்சத்தோடு கற்கின்றான். பாட்டெழுதும்போது அதையே மகிழ்ச்சியோடு கற்பான். அதுபோலவே, இதழை எண்ணிப் பார்த்த பின்னரே பூவைப் பாடுவது என்னும் பழக்கம் வந்த மாணவன், பிறர் பாடிவைத்த இளவேனிலைத் திரும்பப் பாட நாணுவான்.

கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என இளம்பருவத்திலேயே பிரிந்துவிடும் மாணவர் மீண்டும் ஒரே மேசையிற் கூடுதற்குரிய வாய்ப்புக்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இதுவும் ஒன்று. இதற்குப் பெருநூல் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. சித்திரையிற் பள்ளி முற்றத்து வேம்பு பூக்கும்போது தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பங்கிட்டுக்கொண்டு, மாணவரை அதன் கீழ் இருத்தி, முதலில் எண்ணவும் பின்னர் எழுதவும் செய்தாற் போதும். எழுதியவற்றுட் பெரும்பாலன மறக்கப்படும். ஒன்றிரண்டு எஞ்சும்.